அப்பா ஓட்டிய ஜாவா: பழுது பார்ப்பதா, உருவத்தை மாற்றுவதா?

மாரிக்குப்பம் முதல் கோரமண்டல் வரை எந்த லைனுக்குள் நுழைந்தாலும் சரி, ஏதாவது ஒரு வீட்டுச் சந்தில் தார்ப்பாய் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். தார்ப்பாயைத் தூக்கினால் பெரும்பாலும் அது ஜாவாவாக இருக்கும். இல்லாவிட்டால் யெஸ்டி. தப்பினால் புல்லட்!

சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா ஓட்டிய வண்டி அது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது. பெட்ரோல் போடக் காசில்லாமல் வண்டியும் நின்றது. அப்பா போய்ச் சேர்ந்து விட்டார். வண்டி மட்டும் நிற்கிறது.

முன்பெல்லாம் பழைய இரும்புக்காரர்தான் அதைக் கேட்டு வருவார். இப்போது பெங்களூரில் இருந்து காரில் வந்து இறங்குகிறார்கள். "உங்க வீட்டுல ஜாவா இருக்காமே?" என்று கேட்கிறார்கள். நன்றாக ஓடும் பழைய ஜாவா லட்சத்தைத் தாண்டி விலை போகும் காலம் இது.

சிலர் விற்று விடுகிறார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பெண்ணின் கல்யாணம், பையனின் காலேஜ் பீஸ் என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் விற்க மனம் வராதவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சண்டை

ஆண்டர்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பையனுக்கு 26 வயது. பெங்களூரில் ஒரு கம்பெனி கிடங்கில் கிளார்க். விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் போய் இரவு திரும்புகிறவன். ஸ்டேஷனுக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும். வீட்டில் நைனாவின் 1969-ம் வருட ஜாவா நிற்கிறது.

பையன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். பின்பக்க மட்கார்டு இல்லை. சீட்டுக்குப் பின்னால் சட்டத்தை அறுத்து எறிந்திருக்கிறார்கள். தடித்த டயர், அகலமான ஹேண்டில் பார், உடம்பெல்லாம் கறுப்புப் பெயிண்டு. "இப்படி ஆக்கப் போறேன்" என்றான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கப் பட்டறையில் டர்னராக இருந்தவர். கடைசல் எந்திரத்தில் கை வைத்தால் நூலிழை பிசகாது. படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"நைனா வண்டிதான், ஒத்துக்கறேன். ஆனா நான்தானே ஓட்டப் போறேன்? எனக்குப் பிடிச்ச மாதிரி இருந்தா என்ன பெரியப்பா?"

"அறுக்கறதுக்கு அஞ்சு நிமிஷம்டா. அறுத்ததை எங்கே போய் வாங்குவே?"

பையன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கோவில் சிலை அல்ல, ஓட்டுவதற்காகச் செய்தது. ஆனால் பெரியவர் கேட்ட கேள்விக்கு அன்று அவனிடம் பதில் இல்லை.

மைசூரில் பிறந்த வண்டி

முதலில் இந்த வண்டி யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்போம். செக்கோஸ்லோவாகியாவில் 1929-ல் யானெசெக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தொழிலை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஜாவா' என்று வைத்தார்.

நம் பக்கத்தில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1973-ல் இருந்து வண்டியின் பெயர் யெஸ்டி ஆயிற்று. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதாவது தங்கவயல் சுரங்கத்துக்கு ஐந்து வருடம் முன்பே அதுவும் போய்விட்டது! ஜாவா பெயரில் 2018-லும், யெஸ்டி பெயரில் 2022-லும் வேறொரு கம்பெனி புது வண்டிகளைக் கொண்டு வந்தது. அவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். பழைய வண்டியின் உறுப்பு அதில் கிடைக்காது.

பழைய ஜாவாவின் விசேஷமே தனி. 250 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக். ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய். உதைத்து ஸ்டார்ட் செய்யும் அதே லீவர்தான் முன்னால் சாய்ந்து கியர் லீவராகும். கியர் மாற்றும்போது கிளட்சைப் பிடிக்க மறந்தாலும் வண்டி மன்னித்து விடும். சிறு சிறு கல்யாண குணங்கள்! இவற்றுக்காகத்தான் இன்று அதைத் தேடுகிறார்கள்.

உருவத்தை மாற்றுகிறவர் முதலில் தூக்கி எறிவதும் இந்தக் குணங்களைத்தான். பெட்ரோல் டாங்கின் முலாம் பூசிய பக்கத் தகடு, முழங்கால் ரப்பர், ஹெட்லைட் கிண்ணத்திலேயே பதித்த ஸ்பீடாமீட்டர் எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பழைய இரும்புக்குப் போகின்றன. பிறகு அதே உறுப்பை வேறொருவர் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் பகலில் விளக்கு வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அழகு, ரசனை எல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் சட்டத்தை அறுப்பதில் இன்னொரு சட்டமும் குறுக்கே வருகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

"ஊரெல்லாம் செய்கிறார்களே, யார் பிடிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். ரோட்டில் பிடிக்காமல் போகலாம். ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார். அறுத்து ஒட்டிய சட்டத்தைக் கண்டால் அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஒட்டு விட்டுப் போனால் பின்சக்கரம் தனியாக, ஆள் தனியாக. அதற்கு அபராதம் கட்டி மீள முடியாது.

இன்னொன்று. பெயிண்டு சுரண்டுகிறேன் என்று சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் மீது கிரைண்டர் வைக்கிறார்கள். அந்த எண் அழிந்தால் திருட்டு வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் வித்தியாசம் இல்லை. பழைய என்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களும் பில், ஆர்.சி. இல்லாமல் தொடாதீர்கள்.

ஆண்டர்சன்பேட்டைப் பையன் விஷயத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஆர்.சி. புத்தகம் இன்னும் நைனா பெயரில்! சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் 31-வது நமூனா கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. தங்கவயலில் எத்தனை வீடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள்? வண்டியில் ஒரு ஸ்குரூவைக் கழற்றும் முன்னே செய்ய வேண்டிய வேலை இது. அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டால் முடிகிற காரியம், வருடக் கணக்கில் தள்ளிப் போனால் சிக்கலாகி விடும்.

ரூ.20 ஆயிரம் கொடுத்து வீட்டில் நிறுத்துவதா?

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டு வந்தது. அதற்குப் 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள தனி நம்பர். பதிவுக் கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம்.

ஆனால் நிபந்தனை உண்டு. வண்டி வந்தபடியே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. சட்டத்தை அறுத்த ஜாவா இந்த வாசலுக்குள்ளேயே நுழைய முடியாது.

இதைக் கேட்டதும் பெரியவர், "பார்த்தியா, நான் சொல்லல?" என்று பையனைப் பார்த்தார். ஆனால் அவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். ஸ்டேஷனுக்குப் போகிறவனுக்கு அது எதற்கு?

தினமும் ஓட்ட வேண்டியவர்கள் சாதாரண ஆர்.சி.யையே 5 வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்துக் கொள்வதுதான் வழி. வி.ஏ. நம்பர் பணக்காரர்களின் கார் ஷெட்டுக்காக எழுதிய விதி என்றே எனக்குத் தோன்றுகிறது. வேலைக்குப் போகிறவன் ஓட்டும் பழைய வண்டியை அது நினைத்துப் பார்க்கவில்லை.

மாற்ற வேண்டியதும் உண்டு

அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? அதுவும் தப்பு.

சில பேர் எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று 20 வருட டயரையே மாட்டி ஓட்டுகிறார்கள். ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். மழையில் பிரேக் போட்டால் நேரே சாக்கடைதான். டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், ஒயர் ஆகியவற்றில் பழமை பாராட்டக் கூடாது.

பழைய ஜாவாவின் 6 வோல்ட் விளக்கு அந்தக் காலத்து ரோட்டுக்குப் போதும். இன்று பங்காருபேட்டை ரோட்டில் எதிரே வரும் லாரி விளக்கின் முன் அது மின்மினி. 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறார்கள். இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றும் விதம் இருக்கிறது. எதையும் அறுக்காமல், துளை போடாமல், பழைய டைனமோவைக் கழற்றிய இடத்திலேயே போல்ட்டு போட்டு மாட்டும் சாமான் கிடைக்கிறது. கழற்றிய டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால், நாளைக்கே திரும்ப மாட்டிவிடலாம்.

பெரியவர் கேட்ட கேள்வியின் உட்பொருளும் இதுதான். திரும்ப முடியுமா, முடியாதா? போல்ட்டு போட்டதைக் கழற்றலாம். அறுத்ததை ஒட்டினாலும் அது ஒட்டுதான்.

பெட்ரோல் விஷயமும் மாறியிருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூபையும் கார்புரேட்டர் வாஷரையும் அது அரிக்கும். ஈரத்தையும் இழுக்கும். ஆகவே அந்த ரப்பர் எல்லாம் இந்தக் காலத்து சரக்காக இருக்கட்டும். வெளியே தெரியாது, அழகும் கெடாது. மாதக் கணக்கில் நிறுத்துவதானால் டாங்கில் பெட்ரோலை வைக்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும் என்பதையும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மறந்து போய் வெறும் பெட்ரோலில் ஓட்டிப் பிஸ்டனைப் பிடிக்க வைத்தவர்கள் உண்டு.

பல வருடம் நின்ற வண்டியை எடுத்தவுடன் உதைக்கவும் கூடாது. பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். கிராங்கின் இருபக்க ஆயில் சீல்கள் காய்ந்து போயிருக்கும். அதன் வழியே காற்று புகுந்தால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். வண்டி "ஓடுகிறதே" என்று சந்தோஷப்பட்டுப் பத்து மைல் போனால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீல் மலிவு. பிஸ்டனும் சிலிண்டரும் அப்படி அல்ல.

சத்தத்துக்காக சைலன்சர் உள்ளே இருக்கும் குழாயை உருவிப் போடுவது இன்னொரு மோகம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் புகைக்குழாய் வெறும் சத்தம் அடக்கும் சாமான் அல்ல. என்ஜின் மூச்சு விடுவதே அதைப் பொறுத்தது. உருவிப் போட்டால் சத்தம் கூடும், இழுவை குறையும். நோயாளி படுத்திருக்கும் லைன் வீட்டுக்காரர்கள் சாபம் இனாம்.

தூசி ஜாக்கிரதை

இதைத் தங்கவயல்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது பல கடைகளில் வழக்கம். பக்கத்தில் சின்னப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வருடக் கணக்கில் உட்கார்ந்து அரிக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிய வேண்டும். கல் தூசி நெஞ்சில் ஏறி, இருமி இருமிச் செத்த அப்பன் பாட்டன்களைப் பார்த்த ஊர் இது. மேலும் விளக்க வேண்டியதில்லை.

சயனைட் குன்றுகளில் இருந்து காற்றுக் காலத்தில் பறந்து வரும் மண்ணும் லேசுப்பட்டதல்ல. கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய மண் அது. கார்புரேட்டர் வழியாக உள்ளே போனால் சிலிண்டரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு அழகுக்காக வெறும் வலைக்குழாய் மாட்டுவது வேறு ஊரில் எப்படியோ, இங்கே கூடாது.

ஓட்டை விழுந்த பெட்ரோல் டாங்கை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலி டாங்கு என்று நினைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி, பெட்ரோலை விடப் பொல்லாதது. நன்றாகக் கழுவி ஆவி போகச் செய்யாமல் நெருப்பைக் காட்டினால் டாங்கு குண்டாகி விடும்.

பொன்மலையிலும் இதே பேச்சு

இந்த வழக்கு ஜாவாவோடு நிற்பதல்ல. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகள் உண்டு. ஏர்ஸ்ட்ரீம் என்ற கம்பெனி 1936-ல் விற்க ஆரம்பித்த அலுமினிய வீட்டு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பழைய அடுப்பு, பழைய மரப்பலகை எல்லாம் அப்படியே வேண்டும் என்கிறது ஒரு கட்சி. உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நவீன சமையல் அறை வைக்கிறது இன்னொரு கட்சி. அடிச்சட்டம் உளுத்திருப்பதைப் பார்க்காமல் மேலே பாரம் ஏற்றி, நடுரோட்டில் அச்சு முறிய நிற்கிறவர்கள் இரண்டு கட்சியிலும் உண்டு!

நமக்குத் தெரிந்த உதாரணம் நீலகிரி மலை ரெயில். 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் நிலக்கரி என்ஜின்களில் சிலவற்றை எண்ணெயில் ஓடுமாறு பொன்மலைப் பட்டறையில் மாற்றினார்கள். மலை ஏறச் சுலபம், வழியில் காட்டுத் தீ பயமும் குறைவு. ஆனால் பழைய ரசிகர்கள் விடவில்லை. 2021-ல் நிலக்கரியில் ஓடும் புது என்ஜின் ஒன்றையும் அதே பொன்மலை செய்து கொடுத்தது.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் செய்ததோ இன்னும் அருமை. 1855-ல் இங்கிலாந்தில் செய்த 'எக்ஸ்பிரஸ்' என்ற நீராவி என்ஜின் 101 வருடம் காட்சிப் பொருளாகவே நின்றது. உறுப்புகளில் பாதி இல்லை. பெரம்பூர்த் தொழிலாளர்கள் இல்லாததைப் புதிதாகச் செய்து, 2010 ஆகஸ்டு 15-ந்தேதி அதை ஓட்டிக் காட்டினார்கள். பிரேக், விளக்கு போன்றவற்றில் இந்தக் காலத்துப் பாதுகாப்பைச் சேர்த்தார்கள். உருவத்தில் கை வைக்கவில்லை.

டர்னர் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதுதான் வேலை!" என்றார். பிறகு, "நம்ம பட்டறையும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வண்டி என்ன ஆயிற்று?

கடைசியில் பையன் சட்டத்தை அறுக்கவில்லை. பெரியவரின் பேச்சை விட ரூ.5 ஆயிரம் அபராதம்தான் அவனை மாற்றியது என்று நினைக்கிறேன். போகட்டும்.

டயர் புதிது. விளக்கு 12 வோல்ட். பழைய டைனமோ கோணிப்பையில் கட்டிப் பரண் மேல் இருக்கிறது. ஹேண்டில் பார் மட்டும் அவன் ஆசைப்பட்ட அகலத்தில் ஒன்று வாங்கினான். மாட்டி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, கை வலிக்கிறது என்று அவனே பழையதை மாட்டிக்கொண்டான். கியர் லீவரில் தேய்ந்து போன பல்லுக்குப் பதிலாக, தெரிந்த பட்டறை ஒன்றில் பெரியவர் தாமே நின்று ஒன்று கடைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பெயிண்டு விஷயத்தில் மறுபடியும் சண்டை. முழுக்கச் சுரண்டிப் பளபளவென்று அடிக்க வேண்டும் என்றார் பெரியவர். இந்த முறை பையன் ஒத்துக்கொள்ளவில்லை. டாங்கின் இடதுபக்கம், நைனாவின் முழங்கால் பட்டுப் பட்டுப் பெயிண்டு தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறது. அதை மூடக்கூடாது என்கிறான். அம்மா அவன் பக்கம். ஆகவே துருப்பிடித்த மட்கார்டுக்கு மட்டும் அதே மெரூன் பெயிண்டு. டாங்கை மெழுகு போட்டுத் துடைத்ததோடு சரி.

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறான். வாரிசு சான்றிதழில் அக்காவின் பெயரில் ஒரு எழுத்து பிசகி, தாலுகா ஆபீசுக்கு இரண்டாவது முறை நடக்கிறான். அது கைக்கு வரும் வரை வண்டி லைன் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறான். அந்த நேரத்துக்குப் பெரியவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்.